கண்ணாடிக் குளம் – 9: நாலு சைவ மீன்கள்

ஆண்டிச்சாமி தப்பு செய்யத் தெரியாத மனிதர் என்று நாரணாபுரத்தில் பெயர். முப்பத்தி நாலு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூமில் வேலை பார்த்துவிட்டு முழு ஆளாக வீடு திரும்பியவருக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடாது. அப்பேர்ப்பட்டவர் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக, மருமகளின் மீன் தொட்டிக்கு முன்னால் மலைத்துப்போய் நின்றார்.

நேற்று வரை அந்தத் தொட்டிக்குள் ஒரு காடு இருந்தது. முன்னால் புல்தரை, நடுவில் சிவப்பு இலைச் செடிகள், பின்னால் தண்ணீர் மட்டம் வரைக்கும் ஓங்கி நிற்கும் பச்சைக் கொடிகள். இப்போது புல் இருந்த இடத்தில் மண் தெரிந்தது. கொடி இருந்த இடத்தில் குச்சி நின்றது. கல்லிலும் கட்டையிலும் நூல் போட்டுக் கட்டிவைத்த தடித்த இலைச் செடிகள் மட்டும்தான் மிச்சம்.

நடுவில் நாலு பெரிய மீன்கள். தட்டையாக, வட்டமாக, புது எவர்சில்வர் தட்டைப்போல மினுங்கிக்கொண்டு, பந்தியில் கடைசி ஆளாக எழுந்திருக்கிறவர்களின் திருப்தியோடு நின்றன.

“அடப்பாவிகளா!” என்றார் ஆண்டிச்சாமி. நுரை சட்டையில் வடிந்தது.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இந்தத் தொட்டியின் வரலாறு தெரியும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம். மருமகள் வேல்விழி போன தீபாவளி சீசனோடு கம்பெனி வேலையை விட்டவள். போனில் பார்த்துப் பார்த்தே தண்ணீருக்குள் செடி வளர்க்கப் பழகிக்கொண்டாள். மாமியார் இருளம்மாள் இன்றைக்கும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள். “ஆடி முடியறதுக்குள்ள ஒரு ஆர்டராச்சும் வரணும். இல்லைன்னா பேசாம எங்கூட பஸ்ஸுல ஏறு” என்று கெடு வைத்துவிட்டாள். மகன் முனியராஜ், “அம்மா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு லாரியைக் கிளப்பிவிட்டான். புத்திசாலிப் பிள்ளை.

ஆடி முடிய இன்னும் மூன்றே நாள். ஆர்டர் பாதி வந்திருந்தது. விருதுநகரில் புது ஆஸ்பத்திரி கட்டியிருக்கும் பல் டாக்டர் கற்பகவல்லி, அங்கே வைக்க ஒரு செடித் தொட்டி வேண்டுமென்று போனில் கேட்டிருந்தார். சனிக்கிழமை நாலு மணிக்கு நேரில் வந்து வேல்விழியின் தொட்டியைப் பார்ப்பார். பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசுவார்.

அந்தச் சனிக்கிழமைதான் இது.

நடந்தது இதுதான். கடைசி ஆடி வெள்ளிக்குப் பொங்கல் வைக்க வேல்விழி தாயில்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். இருளம்மாளும் கம்பெனிக்குப் போய்விட, வீட்டில் தனியாக இருந்த ஆண்டிச்சாமிக்கு ஒரு யோசனை வந்தது. அவ்வளவு பெரிய டாக்டர் மீன் தொட்டி பார்க்க வருகிறார். தொட்டியிலோ மீன்கள் கட்டெறும்பு அளவில் இருக்கின்றன. வந்த மனுஷி எதைப் பார்ப்பாள்?

டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு விருதுநகரில் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குப் போனார்.

“நல்லா பெருசா, பளபளன்னு நாலு மீன் குடுங்க. சண்டை போடுமா?”

“போடாது. சில்வர் டாலர்னு பேரு. சாதுவான மீன்.”

“சின்ன மீனைத் திங்குமா?”

“தொடாது. இது கீரை திங்கிற சாதி, அண்ணாச்சி.”

“சைவமா!” ஆண்டிச்சாமிக்கு ஒரே சந்தோஷம். ஆடி வெள்ளியும் அதுவுமாக இதைவிட என்ன வேண்டும்? தொட்டி முழுக்கக் கீரைதானே இருக்கிறது என்று அவருக்கும் தோன்றவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லை.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து தொட்டியை எண்ணிப் பார்த்தார். குட்டி மீன்கள் இருபது. இப்போது புதிதாக நாலு. ஒரே அறையில் இருபத்தி நாலு பேர்! பட்டாசுக் கம்பெனியில் ரூமுக்கு நாலு பேர்தான் உட்காரலாம். ஐந்தாவது ஆள் தலையை நீட்டினாலே விரட்டிப் பழகிய மனிதர் அவர். இருபது குட்டிகளையும் வலையால் அள்ளி, பாத்திரத்துக்கு நாலு வீதம் ஐந்து பாத்திரத்தில் பிரித்துவிட்டு, தட்டால் மூடி வரிசையாக வைத்தார். பெரியவர்கள் நாலு பேருக்கும் தொட்டியைக் கொடுத்தார். எல்லாம் சட்டப்படி.

சனிக்கிழமை விடிந்ததும் இருளம்மாள் குழம்பு வைக்கக் குண்டானைத் திறந்தாள். நாலு மீன்கள் அவளைப் பார்த்தன.

“இந்த வீட்டுல ஒரு சாமானம் ஒழுங்கா கெடக்கா? சாயங்காலம் வந்து வச்சுக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் பழைய சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவசரத்தில் தொட்டியை அவள் பார்க்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

ஆண்டிச்சாமி வாயைக் கொப்பளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வேல்விழி பஸ் ஏறாமல் நின்ற முதல் நாள் காலையில், அவர் யாருக்கும் தெரியாமல் மாரியம்மனுக்குச் சூடம் ஏற்றிவிட்டு வந்தவர். இந்த ஆர்டர் கிடைக்க வேண்டுமென்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டது அவர்தான். ஆசைப்பட்டவரே போட்டு உடைத்தும்விட்டார்.

எட்டு மணிக்கு அவருக்கு இரண்டாவது யோசனை வந்தது. முதல் யோசனையின் கதி தெரிந்தும் அவர் கிளம்பினார் என்றால் அவருடைய பதற்றத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆமத்தூரில் சீனிவாசகம் என்று ஒரு கூட்டாளி. ஆடி மாதம் கண்மாயில் தண்ணீர் ஏது, கருவேல முள்தான் இருக்கும். ஆனால் சீனிவாசகத்தின் தோட்டத்துக் கிணற்றில் வேலம்பாசி பச்சைப்பசேலென்று மிதக்கும்.

“ஏலே ஆண்டி, பாசி எதுக்குலே?”

“காடு வளக்கணும்.”

“எப்போ?”

“நாலு மணிக்குள்ள.”

சீனிவாசகம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஒரு சிமெண்டுச் சாக்கு நிறையப் பாசியை வாரிக் கொடுத்தார். நல்ல நண்பர்கள் அப்படித்தான்.

பதினொரு மணிக்குத் தொட்டியில் மறுபடி பச்சை நிறம் வந்தது. ஆண்டிச்சாமி பாசியைக் கொத்துக் கொத்தாக மண்ணில் செருகினார். செருகச் செருக அது பிடுங்கிக்கொண்டு மேலே வந்தது. நாலு சைவ மீன்களும் அகத்திக்கீரையைக் கண்ட ஆடு மாதிரி பாய்ந்து வந்து, அவர் விரலுக்கு முன்னாலேயே இழுத்துத் தின்றன.

“ஏய், ச்சூ! ச்சூ!” என்று அவர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வேல்விழி உள்ளே வந்தாள். கையில் அம்மா வீட்டுப் பொங்கல் டிபன். தொட்டியைப் பார்த்தாள். முழங்கை வரை ஈரமாக நின்ற மாமனாரைப் பார்த்தாள். தட்டால் மூடிய ஐந்து பாத்திரங்களையும் பார்த்தாள். டிபனைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“என்ன மாமா பண்ணி வச்சிருக்கீக?”

ஆண்டிச்சாமி சொன்னார். சைவம் என்று கேட்டு வாங்கியதைச் சொன்னார். ரூமுக்கு நாலு பேர் கணக்கைச் சொன்னார். ஆமத்தூர்க் கிணற்றையும் விட்டுவைக்கவில்லை. சொல்லி முடித்தபோது வேல்விழி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

“அழாதே தாயி. நான் ஒரு கூமுட்டை.”

அவள் முந்தானையை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததென்னவோ நிஜம். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சைவமான்னு கேட்டீகளே மாமா, அது பசியோட வந்திருக்கான்னு கேட்டீகளா?”

ஆண்டிச்சாமிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. நாலு மாதமாகக் கத்தரிக்கோலால் நறுக்கி நறுக்கி வளர்த்த புல்தரை. வெறும் மண் தெரிந்த இடத்துக்கு நேரே கண்ணாடியை விரலால் தடவினாள். அதைப் பார்க்க ஆண்டிச்சாமிக்குத்தான் பொறுக்கவில்லை.

“டாக்டரம்மாகிட்ட செடிக்குச் சீக்கு வந்துருச்சுன்னு சொல்லிரலாமா?”

“மாமா, அவுக பல்லு டாக்டரு. ‘தெனமும் ரெண்டு வேளை வெளக்குறேன்’னு பொய் சொல்ற வாயை நாளுக்கு அம்பது பாக்கிறவுக. நம்ம பொய்யா நிக்கும்?”

“அப்ப வர வேணாம்னு போன் போடு.”

“போடலாம்” என்றாள். போனையும் கையில் எடுத்தாள். ஆனால் அவள் கண் தொட்டியிலேயே இருந்தது. “மாமா, இந்தத் தடிச்ச இலையை ஒண்ணுகூடக் கடிக்கலையே.”

“அதுவா? ரப்பர் மாதிரி இருக்கு. அதுக பல்லுக்கு ஏறலை போல.”

“கட்டையில இருக்கிற இதுவும் அப்படியே இருக்கு. இது கசக்கும்னு சொல்லுவாக.” அவள் இன்னும் கிட்டே குனிந்தாள். “நீங்க பாசி போட்டது எத்தனை மணிக்கு?”

“பதினொண்ணு.”

“அதுக்கப்புறம் எந்தச் செடிகிட்டயும் அதுக போகலையா?”

“அதுகளுக்கு எங்க நேரம்? பாசியில தலையை விட்டதுக இன்னும் எடுக்கலை.”

வேல்விழி போனைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அடுத்த இரண்டு மணி நேரம் ஆண்டிச்சாமிக்கு நிமிர நேரமில்லை. பாசியை எல்லாம் வாரி எடுத்து, கிணற்று நத்தைகளை ஒன்றொன்றாகப் பொறுக்கி, அலசி அலசி ஒரு கொத்தை மட்டும் மேலே மிதக்கவிட்டார்கள். குச்சியாக நின்ற கொடிகளைப் பிடுங்கினாள். தடித்த இலைச் செடிகள் கட்டிய கல்லை நடுவுக்கு நகர்த்தினாள். கட்டையை அதன் பின்னால் சாய்த்தாள். பழைய காடு இல்லை. ஆனால் மலைப்பாறையில் நாலு மரம் நிற்கிற மாதிரி அதற்கும் ஒரு அழகு வந்துவிட்டது.

குட்டி மீன்களைத் திரும்ப விடும்போது மட்டும் ஆண்டிச்சாமி முனகினார்.

“இருபத்தி நாலு பேரு ஒரே ரூமுல இருக்கலாமா, தாயி?”

“இங்கன மருந்து இல்லை மாமா. தண்ணிதான் இருக்கு.”

டாக்டர் கற்பகவல்லி மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். பருத்திச் சேலை, கலகலப்பான முகம். தொட்டியின் முன்னால் குனிந்து நாலு பெரிய மீன்களையும் உற்றுப் பார்த்தார்.

“இந்த மீன்…” என்று ஆரம்பித்தார் டாக்டர்.

“டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்லிர்றேன்” என்று வேல்விழி குறுக்கே புகுந்தாள். “நான் உங்களுக்குப் போட்டோ அனுப்புன தொட்டி இதுதான். ஆனா இப்ப அந்த மாதிரி இல்லை. நேத்து இந்த நாலும் உள்ள வந்துச்சு. ஒரே ராத்திரியில எல்லாத்தையும் தின்னுருச்சு. இதுக தொடாத செடியை மட்டும் வச்சு, மத்தியானத்துக்கு மேல நான் புதுசா அடுக்குனதுதான் இது.”

“வாங்கிட்டு வந்தது நானு” என்றார் ஆண்டிச்சாமி, நிமிர்ந்து நின்று. “அவ மேல தப்பில்லை.”

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க வீட்டுல இதே மீன் எட்டு இருக்கு, ஐயா. எங்க மாமனார் வளர்க்கிறார். தோட்டம் துரவு எல்லாத்தையும் எங்க வீட்டுக்காரர் கையில குடுத்துட்டு, இப்ப அந்த மீன்களோடதான் பேச்சு. புது ஆஸ்பத்திரிக்கு அதுகளைக் கொண்டுபோகணும், அவரும் தினம் வந்து பக்கத்துல உட்காரணும். எனக்கோ செடி வேணும். மூணு கடையில கேட்டுட்டேன். ஒண்ணு மீனை வையுங்க, இல்ல செடியை வையுங்கன்னு ஒரே பதில். அதனாலதான் உங்ககிட்ட போன்ல மீனைப் பத்தி மூச்சே விடலை. தொட்டியைப் பார்த்துட்டு மெதுவா கேட்கலாம்னு வந்தேன்.”

ஆண்டிச்சாமி மாரியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டார்.

“இந்தச் செடிகளை இதுக கடைசி வரைக்கும் தொடாதா?” என்று டாக்டர் கேட்டார்.

தொடவே தொடாது என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். ஆண்டிச்சாமி அப்படித்தான் சொல்லியிருப்பார்.

“தெரியாது டாக்டரம்மா” என்றாள் வேல்விழி. “ஒரு ராத்திரிதானே ஆயிருக்கு. வயிறு காஞ்சா இதையும் கடிச்சுப் பாக்கலாம். தெனம் கீரையோ, வெள்ளரிக்காயோ, இந்தப் பாசியோ போட்டுட்டே இருக்கணும். செடி வச்சுட்டுப் போயிட்டா நிக்காது. முதல் ரெண்டு மாசம் நானே வந்து பாத்துக்கிட்டாத்தான் சரியா வரும்.”

டாக்டர் எழுந்தார். “மூணு கடைக்காரங்களும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசினாங்க. நீ ஒருத்திதான் தெரியாதுன்னு சொன்னே. திங்கட்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து அளவு எடுத்துக்கோ. எங்க மாமனாரும் இருப்பார். ரெண்டு மாசம் என்ன, ஒரு வருஷத்துக்கு நீயே பார்த்துக்கோ.”

கார் தெருமுனை தாண்டியதும் வேல்விழி மாமனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். அவருடைய முட்டி வலித்தது. அவர் சொல்லவில்லை.

ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வந்தது. இருளம்மாள் கையில் காரச்சேவுப் பொட்டலத்தோடு இறங்கினாள். இருவரும் வாசலிலேயே நின்று, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்கள். அவள் நேராகப் போய்த் தொட்டியைப் பார்த்தாள்.

“பரவாயில்லையே! நம்ம வீட்டு மீனுக்குப் பல்லு டாக்டரே வந்துட்டாகளா?” என்றாள். அவள் முகத்திலும் சந்தோஷம் தெரிந்தது. பிறகு நெற்றி சுருங்கியது. “எப்போ வரச் சொன்னாக?”

“திங்கக்கெழமை ஒன்பது மணிக்கு, அத்தை.”

“அதெப்படி? இன்னைக்கு மத்தியானந்தான் போர்மேன்கிட்ட ஒம் பேரைக் குடுத்துட்டு வந்தேன். திங்கக்கெழமை வாரான்னு எழுதிட்டாரு.”

வேல்விழியின் முகம் வாடிவிட்டது. “ஆடி முடிய இன்னும் மூணு நாள் இருக்கே அத்தை?”

“ஆர்டரு வரும்னு நான் கண்டேனா? சீசனுக்கு ஆளு பத்தலைன்னு அவரு கெஞ்சுனாரு, சரின்னு வாயை விட்டுட்டேன். தீபாவளி வரைக்கும் வா. அப்புறம் தொட்டியோ குட்டையோ எதை வேணும்னாலும் பாரு. ஞாயித்துக்கிழமையில போயி அளவெடுத்தா ஆகாதா?”

“ஆகாது” என்று ஒரு குரல் கேட்டது.

அது ஆண்டிச்சாமியின் குரல். கல்யாணமாகி முப்பத்தி மூன்று வருஷத்தில் இருளம்மாள் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தாள்.

“அவ போக மாட்டா” என்றார் ஆண்டிச்சாமி. “நானும் அம்புட்டு வருசம் உள்ள இருந்தேன். உள்ள இருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது, இருளு. கை வேலையில இருக்கும், புத்தியும் அதுலயே இருக்கும். இந்த ஒரு வருசமாத்தான் வெளிய உக்காந்து பாக்கேன். காலையில பஸ்ஸு போயிரும். சாயங்காலம் வரைக்கும் எங்கன என்ன சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடுறேன். கல்யாண வீட்டுல வேட்டுப் போட்டாலும் ஓடுறேன். ஒருத்திக்காக ஓடுறதுக்கே இந்த முட்டி தாங்கலை. ரெண்டு பேருக்காக ஓட எனக்கு ஆகாது.”

சொல்லிவிட்டு, ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் போல, தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இருளம்மாள் அவருடைய நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். பகலெல்லாம் இந்த மனுஷன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு டிவி பார்க்கிறார் என்றுதான் இருளம்மாள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து போனை எடுத்து நம்பரைப் போட்டாள்.

“தம்பி செல்வக்குமாரு, நாந்தான் இருளம்மா. மத்தியானம் ஒரு பேரு குடுத்தேன்ல, வேல்விழின்னு. அதை அடிச்சுருங்க. ஆமா, வர மாட்டா. அவளுக்கு வேற வேலை கெடைச்சிருச்சு… கோவிச்சுக்கிடாதீக தம்பி.”

வேல்விழி மூச்சு விட்டாள். மாமியாரைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். ஆனால் இருளம்மாள் போனை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை. தனக்கு முதுகைக் காட்டி நின்ற புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, இன்னும் ஒண்ணு. பதினாறாம் ரூமுல ஏம் பேரு இருக்குல்ல, அதையும்…” என்றவள் நிறுத்தினாள். “இருக்கட்டும். அதை நாளைக்குச் சொல்லுதேன்.”

போனை வைத்தாள். ஆண்டிச்சாமி சட்டென்று திரும்பி வாயைத் திறந்தார்.

“ஒண்ணும் கேக்காதீக” என்றாள் இருளம்மாள், சேவுப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே. “நான் இன்னும் முடிவு பண்ணலை.”